வேந்தருக்கு எழுதுவதா, துணைவேந்தருக்கு எழுதுவதா?

ஒட்டுசுட்டானிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவின் கேள்வியை மேலோட்டமாகப் பார்த்தால் அது பொது அறிவுக் கேள்வி. ஜேர்மனியில் நாட்டையே ஆள்பவர் சான்சிலர். பிரித்தானியாவில் வரவுசெலவுத் திட்டம் வாசிப்பவரும் சான்சிலர். இங்கே பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி உடுத்து வந்து பட்டம் வழங்கிவிட்டுப் போகிற வேந்தரும், ஆங்கிலத்தில் சொன்னால், சான்சிலர்தான். ஒரே பெயருக்கு ஏன் இத்தனை வேலை என்று கேட்டிருக்கிறார். ஆனால் கடைசி இரண்டு வரியில்தான் அவருடைய மனக்கவலை இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுடைய பரீட்சைப் பெறுபேறு சம்பந்தமாகக் கொடுத்த மேன்முறையீட்டுக்கு மாதக்கணக்கில் பதில் இல்லையாம். துணைவேந்தருக்கும் மேலே வேந்தர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவருக்கே நேரே எழுதினால் காரியம் நடக்குமா என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு விடை: எழுதலாம், தவறில்லை, ஆனால் நடக்காது. ஏன் நடக்காது என்பதற்கு முதலாவது கேள்விக்குள்தான் போக வேண்டும். நான் பல்கலைக்கழகப் பதிவாளர் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்று இப்போது வவுனியாவில் இருக்கிறவன். சட்டத்தரணியும் இல்லை, லத்தீன் படித்தவனும் இல்லை. ஆகவே இலங்கைப் பல்கலைக்கழக நிர்வாகம் பற்றிச் சொல்வதைக் கையால் செய்த வேலையாகவும், மற்றதை வாசித்து அறிந்ததாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

லத்தீனில் 'கான்செல்லி' என்றால் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் அடித்த கிராதி. பிற்கால உரோம நீதிமன்றங்களில் நீதிபதி இருக்கும் பகுதியையும் சனம் நிற்கும் பகுதியையும் பிரித்து இப்படி ஒரு கிராதி இருந்தது. அதன் பக்கத்தில் நின்று, மனுக்களை வாங்கி உள்ளே கொடுத்து, யாரை விடுவது யாரை மறிப்பது என்று பார்த்தவனுக்கு 'கான்செல்லாரியுஸ்' என்று பெயர். சான்சிலரின் பூட்டன் இந்த வாசல் சேவகன்தான். இதே வேரிலிருந்துதான் நாங்கள் தினமும் சொல்லும் 'கான்சல்' வந்தது. எழுதிய ஒன்றின் மேல் கிராதி மாதிரிக் குறுக்குக் கோடுகள் இழுத்து அதைச் செல்லாததாக்குவதுதான் அதன் முதற்பொருள். இதுவரை சொன்னதில் அறிஞர்களுக்குள் பெரிய தகராறு இல்லை.

தகராறு உள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இணையத்தில் உண்மைபோலச் சுற்றுகிறது. 3ஆம் நூற்றாண்டில் கரினுஸ் என்ற பேரரசன் இப்படியான ஒரு வாசல்காரனைத் தூக்கி உரோம் நகரத்து நிர்வாகத்தின் தலைமையில் வைத்தான், ஊர் முகம் சுளித்தது என்று ஒரு பழைய வரலாற்றுத் தொகுப்பு சொல்கிறது. அந்தத் தொகுப்பு கட்டுக்கதைக்குப் பேர்போனது. நடந்ததாக நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒன்று தெரிகிறது: அதை எழுதியவன் காலத்தில் இந்த உத்தியோகம் இன்னும் சின்ன உத்தியோகமாகவே கருதப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் கதையில் ஏளனம் எடுபடாது.

வாசல்காரன் எப்படிப் பெரிய ஆளானான்? உள்ளே போகும் மனுவும் வெளியே வரும் கட்டளையும் அவன் கையைத் தாண்டித்தான் போகின்றன. உரோமப் பேரரசு விழுந்த பிறகு மேற்கு ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குருமார்தான். ஃபிராங்கு அரசர்களின் அவைகளில் சாசனம் எழுதி முத்திரை இட்ட குருமார் கூட்டத்தின் தலைவனுக்கு இந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. அரசனுடைய வாய்ச்சொல் சட்டமாக வேண்டுமென்றால் அது எழுத்தாக வேண்டும், முத்திரை விழ வேண்டும். எழுத்தும் முத்திரையும் ஒரே ஆளிடம் இருந்தன. கவனியுங்கள், அதிகாரம் அவனுடையது அல்ல, அவன் வழியாகப் போனது. பிறகு நடந்த எல்லா மாற்றங்களையும் இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு விளங்கலாம். சில நாடுகளில் எசமான் ஒதுங்க, முத்திரைக்காரன் கதிரையில் நிலைத்தான். சில இடங்களில் முத்திரைக்காரனே ஒதுங்கிப்போக, அவனுடைய துணை ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். ஜேர்மனி முதல் வகை. எங்கள் பல்கலைக்கழகம் இரண்டாவது வகை.

பழைய பொருளில் இன்னும் வேலை செய்யும் சான்சிலரைக் காணக் கன தூரம் போகத் தேவையில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு மறைமாவட்ட நிர்வாகத்திலும் சான்சிலர் ஒருவர் இருக்க வேண்டும். ஆவணங்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்திக் காப்பகத்தில் பாதுகாப்பதுதான் அவருடைய முதல் வேலை. மன்னார், வவுனியா மாவட்டங்களைக் கொண்ட மன்னார் மறைமாவட்டம் 1981இல் உருவானது. மடுமாதா கோயிலும் அதற்குள்தான். அங்கே இந்தப் பொறுப்பில் இருக்கும் குருவானவர் ஆள்பவரும் இல்லை, அலங்காரத்துக்கு இருப்பவரும் இல்லை. ஆயரின் கடிதங்களையும் பதிவேடுகளையும் காப்பவர். அந்த உரோமக் கிராதிக்கு மிகக் கிட்ட நிற்பவர் இவர் என்றே நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் எட்வர்ட் என்ற அரசன் காலத்திலேயே, அதாவது 1066க்கு முன்பே, சான்சிலர் இருந்தார் என்று பல புத்தகங்கள் எழுதும். அந்த ஆளுக்கு அப்போதே அந்தப் பட்டம் இருந்ததா, பிற்காலத்தவர் சூட்டினார்களா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிந்திய கதை தெளிவு. தாமஸ் பெக்கெற் 1155இலிருந்து 1162 வரை, தாமஸ் மோர் 1529இலிருந்து 1532 வரை சான்சிலர்கள். பெக்கெற் பிறகு பேராயராகிக் கொலையுண்டார். மோர் தலை வெட்டப்பட்டார். அரசனுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதன் விலை அது. சாதாரண நீதிமன்றங்களில் நியாயம் கிடைக்காதவர்கள் அரசனுக்கு மனுப்போட, அரசன் அதைச் சான்சிலரிடம் தள்ளிவிட, காலப்போக்கில் அதுவே தனி நீதிமன்றமாக வளர்ந்தது. ஒருவரின் சொத்தை இன்னொருவர் நம்பிக்கையின்பேரில் வைத்துப் பராமரிக்கும் 'டிரஸ்ட்' என்ற ஏற்பாடு அந்த மன்றத்தில் வளர்ந்த சரக்கு. வன்னியில் ஒரு கோயில் தர்மகர்த்தா வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தைத்தான் புரட்டுவார்கள். அந்தச் சட்டத்தின் வேர் இங்கிலாந்துச் சான்சிலரின் மன்றத்தில் இருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் கோயில் நிர்வாகசபைக்காரர் நம்பமாட்டார்கள்.

நிதியமைச்சருக்கு இந்தப் பெயர் வந்தது கிளைக்கதை. அரச கணக்குப் பார்க்கும் இடத்தில் கட்டம்போட்ட துணி விரித்த மேசையில் காய் வைத்து எண்ணுவார்கள். அங்கே ஒரு முத்திரை தேவைப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் பெரிய சான்சிலர் அங்கே போவதை விட்டுவிட, அவருடைய எழுத்தர் அதை வைத்துக்கொண்டார். அந்த எழுத்தரின் வழிவந்தவர்தான் இன்றைய நிதியமைச்சர். அவருக்கு மேலே பொருளாளர் பிரபு என்று ஒருவர் இருந்தார். 1714க்குப் பிறகு அந்தப் பதவியை ஒருவருக்கும் தனியாகக் கொடுக்கவில்லை. மேலே இருந்த கதிரை வெறுமையானதால் கீழே இருந்தவர் உயர்ந்தார். பெரிய சான்சிலர் நீதித்துறையின் தலைவராக வெகுகாலம் நீடித்து, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அதை இழந்தார்.

ஜேர்மனிக்கு வருவோம். புனித உரோமப் பேரரசு எனப்பட்ட பழைய பேரரசில் மைன்ஸ், கொலோன், ட்ரியர் நகரங்களின் பேராயர்கள் மூவரும் தலைமைச் சான்சிலர்கள். 1356ஆம் ஆண்டின் பொன்முத்திரைச் சாசனம் இதை எழுத்தில் வைத்தது. கொலோன் பேராயர் ரைன் நதிக்கரையில் இருந்துகொண்டே இத்தாலிக்குச் சான்சிலர். பட்டம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்பது அப்போதே தொடங்கிவிட்டது. இன்றைய பொருள் ஜேர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க்கோடு வருகிறது. 1867இல் வட ஜேர்மன் கூட்டமைப்பு உருவானபோது பொறுப்புச் சொல்லவேண்டிய ஒரே அமைச்சராகச் சான்சிலரை வைத்தார்கள். அரசனின் கட்டளை செல்லுபடியாக அதன் கீழ் சான்சிலரின் கையெழுத்தும் விழவேண்டும். பழைய முத்திரைக்காரன் அப்படியே இருக்கிறான் பாருங்கள். 1871இல் அது பேரரசின் பதவியானது. ஆனாலும் எசமான் எசமான்தான். 1890இல் இளம் பேரரசன் இரண்டாம் வில்ஹெல்முக்கும் பிஸ்மார்க்குக்கும் ஒத்துவராமல் போக, கிழவர் வீட்டுக்குப் போகவேண்டி வந்தது.

1918இல் பேரரசன் போய்விட்டான். அவனுடைய இடத்தில் மக்கள் தெரிவுசெய்யும் சனாதிபதி வந்தார். சான்சிலரை நியமிப்பதும் நீக்குவதும் அவர் கையில் இருந்தது. 1930க்குப் பிறகு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாத சான்சிலர்கள் சனாதிபதியின் அவசரகால ஆணைகளை நம்பி ஆண்டார்கள். அந்த வழியாலேயே 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் சான்சிலரானார். அந்தச் சூட்டில்தான் 1949ஆம் ஆண்டு அரசியலமைப்பை எழுதினார்கள். இப்போது சான்சிலரை நாடாளுமன்றம் தெரிவுசெய்கிறது. அவரை விழுத்த வேண்டுமென்றால் வெறுமனே நம்பிக்கையில்லாத் தீர்மானம் போதாது, அடுத்தவர் யார் என்று தெரிவுசெய்துகொண்டே விழுத்த வேண்டும். இந்த வழியை இரண்டு தடவைதான் முயன்றிருக்கிறார்கள். 1972இல் வில்லி பிராண்ட் தப்பினார், 1982இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தார். ஜேர்மனிக்குச் சனாதிபதி இன்றும் இருக்கிறார், ஆனால் ஆட்சி அவரிடம் இல்லை. ஆகவே செய்திகளில் சான்சிலரை 'ஜேர்மன் அதிபர்' என்று போடுவது குழப்பத்தைத்தான் கூட்டுகிறது. எங்களுக்கு அதிபர் என்றால் பள்ளிக்கூடத்தில் ஒருவர், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒருவர். அதிலும் மூன்றாவது ஒருவரா?

பக்கத்து நாடான சுவிட்சர்லாந்திலும் இதே ஜேர்மன் சொல்லால் ஒரு பதவி இருக்கிறது. அங்கே அவர் ஏழுபேர் கொண்ட அரசவையின் செயலகத் தலைவர். கூட்டத்தில் இருப்பார், கருத்துச் சொல்லலாம், வாக்கு இல்லை. சூரிச்சிலோ பேர்ணிலோ உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப்பாருங்கள், அரைவாசிப்பேருக்கு அவருடைய பெயரே தெரிந்திருக்காது.

இனிப் பல்கலைக்கழகம். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸில் யாரும் படிப்பிக்க வேண்டுமென்றால் நோத்ர டாம் பேராலயத்தின் சான்சிலரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதாவது பேராலயத்தின் எழுத்தும் முத்திரையும் வைத்திருந்த குருவானவர். ஆசிரியர்களுக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. 1231இல் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரி அவருடைய கையைக் கட்டினார். இன்று பட்டச்சான்றிதழ் என்று நாங்கள் சட்டம்போட்டு மாட்டுவது அந்தப் படிப்பிக்கும் அனுமதியின் வம்சம்தான். ஒக்ஸ்ஃபோர்டில் கதை கொஞ்சம் வேறு. அந்த ஊர் லிங்கன் ஆயரின் ஆளுகைக்குள் இருந்தது, லிங்கன் நகரமோ நூறு மைலுக்கு அப்பால். தன் சார்பில் அங்கே ஒரு ஆள் வேண்டும் என்பதால் ஆயர் சான்சிலரை வைத்தார். 1214ஆம் ஆண்டு ஆவணத்தில் அந்தப் பதவி வருகிறது. தூரத்து எசமானின் உள்ளூர் ஆள். பிறகு ஆசிரியர்களே அவரைத் தெரிவுசெய்யத் தொடங்கினார்கள். 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அரச அவையில் செல்வாக்குள்ள பெரிய மனிதரைத் தெரிவுசெய்தால் பல்கலைக்கழகத்துக்குப் பாதுகாப்பு என்று யோசித்தார்கள். பெரிய மனிதர் லண்டனில் இருந்தார். அன்றாட வேலையைத் துணைச் சான்சிலர் பார்த்தார். இன்றைய துணைவேந்தர் பிறந்தது அங்கேதான்.

அந்த ஏற்பாட்டைப் பிரித்தானியர் கப்பலில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கியபோது காலனியின் ஆட்சித்தலைவரே பதவிவழியாகச் சான்சிலர். இலங்கையில் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோதும் ஆளுநரே சான்சிலர், வேலை பார்த்தவர் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். தமிழ்நாட்டில் இன்றும் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர்தான் வேந்தர். துணைவேந்தர் நியமனத்தில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதில்தான் அங்கே அரசுக்கும் ஆளுநருக்கும் இடையில் அவ்வளவு இழுபறி. சென்னைத் தொலைக்காட்சி பார்த்துவிட்டு எங்கள் வேந்தருக்கும் அந்தப் பலம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இன்னொரு தலைகீழ்: கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு வளாகத்துக்கும் அன்றாடத் தலைவர் சான்சிலர், அவருக்கு மேலே முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு தலைவர்.

எங்களுடைய 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் வேந்தரைப் பற்றி மிகக் கொஞ்சம்தான் பேசுகிறது. அவரைச் சனாதிபதி ஐந்து வருடத்துக்கு நியமிக்கிறார். அவர் பல்கலைக்கழகத்தின் தலைவர், பட்டமளிப்பு விழாவுக்குத் தலைமை வகிப்பார். அவ்வளவுதான். நிர்வாகத்தைப் பார்க்கும் பேரவையில் அவர் உறுப்பினர் இல்லை, படிப்பு விஷயங்களைப் பார்க்கும் மூதவையிலும் இல்லை. பரீட்சை, அனுமதி, ஒழுக்காற்று விசாரணை, பணம், நியமனம் எதுவும் அவரிடம் போவதில்லை. இந்தப் பதவிக்குப் பெரும்பாலும் துறையில் பெயர் எடுத்த மூத்தவர்களைப் போடுவார்கள். மொறட்டுவையில் 1979இலிருந்து 2002 வரை விஞ்ஞானப் புனைகதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் இருந்தார். யாழ்ப்பாணத்தில் வரலாற்றுப் பேராசிரியர் சி. பத்மநாதன் இருந்திருக்கிறார். களனியில் பௌத்த பிக்கு ஒருவர். மேடைக்கு ஒரு கண்ணியம் வருகிறது, அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அது நிர்வாகம் அல்ல.

துணைவேந்தர் தெரிவு முற்றிலும் வேறு பாதை. விண்ணப்பித்தவர்களில் மூவரின் பெயரைப் பேரவை முன்வைக்க, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சிபாரிசில் சனாதிபதி மூன்று வருடத்துக்கு நியமிக்கிறார். சட்டம் அவரைத்தான் பிரதான நிறைவேற்று அலுவலர் என்கிறது. பேரவைக்கும் மூதவைக்கும் தலைவர் அவரே. 2019இல் யாழ்ப்பாணத்தில் துணைவேந்தர் நீக்கப்பட்டபோதுகூட உத்தரவு சனாதிபதியிடமிருந்துதான் வந்தது.

வவுனியாவில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் கண்ணால் கண்ட கதை. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. தலைவர் முதல்வர் என்ற பெயரில் இருந்தார். துணைவேந்தரும் பேரவையும் யாழ்ப்பாணத்தில், 140 கிலோமீற்றர் அப்பால். போரினால் ஏ-9 வீதி பூட்டிக் கிடந்த காலங்களில் ஒரு கோப்பு போய்வருவதென்பது சின்னப்பாடு அல்ல. லிங்கனுக்கும் ஒக்ஸ்ஃபோர்டுக்கும் இடையில் இருந்த அதே பிரச்சினைதான். 2021 ஓகஸ்ட் 1இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனியானபோது முதல்வர் பதவி போய்த் துணைவேந்தர் பதவி வந்தது. வேந்தர் என்ற பதவியும் புதிதாக உருவானது. ஆனால் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவில் கோப்புகள் நகரும் பாதையில் மாறியவை துணைவேந்தரின் அறையும் பேரவையும்தான்.

பெயர் ஏன் மக்களைக் குழப்புகிறது என்றால், தமிழில் வேந்தர் என்பது முடிசூடிய மூவருக்கு உரிய சொல். மொழிபெயர்த்தவர்கள் கௌரவமாகத்தான் செய்தார்கள். கேட்கிறவருக்கோ அரசனே கண்முன் வருகிறான். வன்னியில் இன்னும் கிராம அலுவலரை விதானையார் என்றுதான் கூப்பிடுகிறோம். விதானைமார் முறை 1963இல் போய்விட்டது. பழைய விதானையாரின் அதிகாரம் இருக்கும் என்று நினைத்து இன்றைக்கு யாரும் அவரிடம் வழக்குத் தீர்க்கப் போவதில்லை. வேந்தர் விஷயத்திலும் அந்த நிதானம் போதும்.

ஐயாவின் கடிதத்துக்கு வருகிறேன். நான் பார்த்தவரை வேந்தருக்கு வரும் கடிதங்கள் கடைசியில் பதிவாளரின் மேசைக்கே திரும்பி வரும், இடையில் இரண்டு கிழமை வீணாகும். ஆகவே நேரே பதிவாளருக்கு எழுதுங்கள், பீடாதிபதிக்கும் துணைவேந்தருக்கும் பிரதி போடுங்கள். முதல் மேன்முறையீட்டின் திகதி, மகளின் பதிவிலக்கம், பாடக்குறியீடு மூன்றும் முதல் பந்தியிலேயே இருக்கட்டும். மனவருத்தத்தைக் கடைசிப் பந்தியில் எழுதினால் போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், மேன்முறையீடு எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானித்தாக வேண்டும். மறுத்தால் அங்கேயே மேன்முறையீட்டுக்கென்று நியமித்த அலுவலரிடமும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம். ஒன்று மட்டும் கவனம்: அந்த விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டாம், மகளே வைக்கட்டும். இன்னொருவரின் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, தகப்பன் என்றாலும் அந்தக் காரணத்தைச் சொல்லித் திருப்பிவிடுவார்கள்.